கணக்கில் சேராத ஆள்

சாயங்காலமானால் மொட்டைமாடியில் ஓடிப்பிடித்து விளையாடியே ஆகவேண்டும், சுடர்விழி வீட்டில் அது சட்டம். அவள், அவள் அப்பா தணிகாசலம், மகள் நறுமுகை, மூன்று பேர்தான். இதுவரை யாரிடமும் அகப்பட்டதில்லை என்று சுடர்விழிக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அன்று தணிகாசலம் தடுமாறி விழப்போய் அவள் தோளைப் பிடித்துவிட்டார்.

“நான் அவுட். இனி நான்தான் பிடிப்பேன், ஓடுங்க.”

“நீ வேணாம்மா,” என்றாள் நறுமுகை. “தாத்தாவே பிடிக்கட்டும். நீ ஒப்புக்குச் சப்பாணி.”

ஆட்டம் புரியாத பொடிசுகளை அழாமல் இருக்கச் சேர்த்துக்கொண்டு, அவுட்டானாலும் கணக்கில் எடுக்காமல் விடுவார்களே, அது. சுடர்விழி சிரித்துவிட்டாள்.

“அடி கழுதை, நானாடி பொடிசு?”

“இல்லம்மா. மெஷினுக்குக் களைப்பே வராதாம். அது பிடிக்க வந்தா நாம ஜெயிக்கவே முடியாதாம். தாத்தாதான் சொன்னாங்க.”

தணிகாசலம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரைத்துக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சுடர்விழிக்கு மூச்சு துளிகூட வாங்கவில்லை.

“அப்பா, என்ன சொல்றா இவ?”

“உனக்குக் கொள்ளி வெச்சுட்டு வந்ததுலேர்ந்து கொழந்த சாப்பிடாமலே கெடந்தாம்மா. நான் வேற என்ன செய்வேன்?”

அம்மாவின் முகத்தைப் பார்த்து நறுமுகைக்கே பாவமாகிவிட்டது.

“சரி, இந்த ஒரு வாட்டி நீயே பிடி,” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

சுடர்விழி துரத்தினாள். இரண்டே எட்டில் மகளின் முதுகு கைக்கெட்டியது. தொடாமல், பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தாள்.