புள்ளிக்கோட்டுப் பெண்

அந்தக் காமிக்ஸின் சாகசக் குழுவில், காற்றழகி மாயமாகும்போது அவளைப் புள்ளிக்கோட்டால் வரைவார்கள். வாசகருக்குத் தெரிவாள், கூட்டாளிகளுக்குத் தெரியமாட்டாள். தோற்றுத் திரும்பியபின் அவள் மூலையில் மாயமாகி அழும் கட்டத்தில், பென்சில் படத்தின்மேல் மை போடும் பிலோமினா புள்ளிகளைச் சேர்த்து முழுக்கோடாக இழுத்துவிட்டாள்.

“இவ அழுவறது அவங்களுக்குத் தெரியக்கூடாதும்மா, அதான் கதையே,” என்றார் இதழாசிரியர். “உன் கண்ணுல என்ன?”

“தூசு சார். வெள்ளை மை வெச்சு கோட்டை சரிபண்ணிடறேன்.”

தூரிகையை எடுத்தபோதுதான் கவனித்தாள். அதே கட்டத்தில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த குழுத்தலைவன், திரும்பிப் பார்க்காமலே காற்றழகியின் பக்கம் தண்ணீர்க் குவளையை நீட்டியிருந்தான். பென்சிலிலேயே அப்படித்தான் வரைந்திருந்தார் தணிகைவேல்.

எதிர்மேசையில் வரைந்துகொண்டிருந்த தணிகைவேல் தலை நிமிரவில்லை. தன் டீயை மட்டும் அவள் பக்கம் நகர்த்தினார்.