பெரணிப் போர்வை

மன்னவனூர் சரிவில் தோட்டத்துக்கு ஒன்றாக நட்டிருந்த பனிக்குச்சிகளை வினோதினி ஒரு நாளும் நம்பியதில்லை. குச்சியில் பச்சை விளக்கு எரிந்தால் உறைபனி விழாது, செடியை மூட வேண்டாம் என்று அர்த்தம்.

"வானம் தொடச்சு விட்ட மாதிரி கிடக்கு, காத்து அசையலை. இதுக்குப் போய்ப் பச்சை காட்டுது பாரு" என்று முணுமுணுப்பாள்.

பொழுது சாய்ந்து, இலைகளைப் பார்க்கும் குச்சியின் கேமராக் கண் மூடிக்கொண்டதும், காய்ந்த பெரணித் தழையை அள்ளி வந்து உருளைக்கிழங்குச் செடிகளைப் போர்த்துவாள். பார்த்தால் அது எங்காவது போய்ச் சொல்லிவிடும் என்ற சந்தேகத்தில், விடிவதற்குள் எல்லாவற்றையும் வாரி மறைத்துவிடுவாள். கண் திறக்கும் குச்சிக்கு இலைகள் பச்சைப்பசேலென்று தெரியும். இரண்டு வருடம் இப்படியே போனது.

தை மாதத்தில் ஒரு காலை, கீழ்த்தோட்டத்துத் தர்மராசு மேலேறி வந்தார். அவர் செடிகள் மொத்தமும் பனியில் கருகிவிட்டன.

"பச்சைதான் எரிஞ்சுச்சு தாயி. நம்பி மூடாம விட்டுட்டேன்."

"அது பொய் சொல்லும்னு நான் அப்பவே சொன்னேனே அண்ணே."

"குச்சி நட்ட ஆபீசுல கேட்டேன். மேல்தோட்டத்து இலையைப் பாத்துத்தான் கீழ சொல்லுமாம். ரெண்டு வருசமா உன் செடியில ஒரு இலை கருகலையாம். அதனால இந்தச் சரிவுல பனியே விழாதுன்னு முடிவு பண்ணிருச்சாம்."

தர்மராசு அவளையே உற்றுப் பார்த்தார்.

"தலையில என்ன தாயி, பெரணியா?"