நடுவில் நின்ற லிஃப்ட்

எத்தனை பெரிய பயமும் பரிவின் முன் மண்டியிட்டே தீரும் என்று உலகுக்கே அறிவித்திருந்தது, ஓஹையோவிலிருந்த அந்த ஆட்டிசம் சிகிச்சை மையம். அன்று அதன் லிஃப்ட் விளக்கணைந்து இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது.

மூலையில் சுருண்ட கிளைவ் காதுகளைப் பொத்திக்கொண்டார்.

“மூச்சு முட்டுது ஓரின். செத்துருவேன்.”

“பயப்படுறது தப்பில்ல. தோளைத் தொடலாமா?”

“வேண்டாம்.”

“சரி, தொடல. முதல்ல மூச்சு, அப்புறம்தான் கதவு. என்கூட மெதுவா ஊதுங்க.”

“என்னை விட்டுட்டுப் போயிராதீங்க.”

“லிஃப்ட்ல இருந்து எங்க போக?”

ஒருவழியாகக் கதவு திறந்தது. நர்ஸ் நேரே ஓரினிடம் ஓடினாள்.

“பயந்துட்டீங்களா ஓரின்? நல்லவேளை, டாக்டர் கிளைவ் கூட இருந்தாரு.”

ஓரின், காலையில் சிகிச்சையில் தனக்குப் பரிசாகக் கிடைத்த நட்சத்திர ஸ்டிக்கரை எடுத்து டாக்டரின் கோட்டில் ஒட்டினார்.

அது டாக்டரே கேட்டு வாங்கியது.