அளவெடுத்த புடவை

சேவூரில் பச்சையப்பனின் கம்ப்யூட்டர் தறிகளுக்குப் புரோகிராம் எழுதியவள் அவர் அண்ணன் மகள் சுபத்ரா. புரோகிராமின் ஒவ்வொரு பகுதிக்கு மேலும் அது என்ன அளவு தர வேண்டும் என்று எழுதியிருந்தாள். நெய்வது அந்த அளவிலிருந்து மாறினால் தறி தானே நின்றுவிடும்.

எந்தத் தறியும் நிற்கவில்லை. ஆனால் கல்யாண ஆர்டரின் மூன்று புடவையிலும் முந்தானை ஒரு சாண் குறைந்திருந்தது.

"தப்பே வராதுன்னியேம்மா?"

"வரல சித்தப்பா. முந்தானை முப்பது அங்குலம்னு எழுதியிருக்கேன். கரெக்டா முப்பதுதான் வந்துகினு இருக்குது."

"முப்பதுன்னு யாரு சொன்னது?"

"உங்க பீரோவுல இருந்து சித்தி எடுத்துக் குடுத்த பட்டுப்புடவைய அளந்துதான் எழுதினேன்."

பச்சையப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"அது முந்தானை பத்தலன்னு கடைக்காரரு திருப்பி அனுப்பினதும்மா. நல்ல புடவை நெசவுக்காரன் வீட்ல எங்க தங்குது?"