ஓட்டுபவர் பக்கத்துச் சக்கரம்

முன்சக்கரத்தின் நட்டைக் கழற்ற ஹதானகாவுக்கு ஸ்பேனர் தேவைப்படவில்லை. விரலால் திருகியதுமே கையோடு வந்துவிட்டது.

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. வழியில் எங்கோ விழுந்திருந்தது.

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர் ஹதானகா. ஸ்டீயரிங் கையில் நடுங்குகிறதே, முன்னால் ஏதோ கடகடவென்று சத்தம் வருகிறதே என்றுதான் மிசாவோ அங்கே வண்டியை ஓரங்கட்டினாள்.

"யாருக்கா மாட்டினது?"

"அவருதான். போன ஞாயித்துக்கிழமை. பனி டயர் நாலையும் அவரேதான் மாத்தினாரு."

"என்னக்கா, வீட்ல சண்டையா? தொகுஜி அண்ணன் உங்கள ஒரேயடியா மேல அனுப்பப் பாத்திருக்காரு!" என்று சிரித்தார் ஹதானகா.

மிசாவோ சிரிக்கவில்லை.

அவள் முகத்தைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பும் பாதியில் நின்றது. "சும்மா சொன்னேன்க்கா" என்று முனகிவிட்டு மற்ற சக்கரங்களைப் பார்க்கப் போனார்.

அவை கல் மாதிரி இறுகியிருந்தன. பேட்டரி புதிது. ரேடியேட்டரில் குளிருக்கு உறையாத திரவம் நிறைய இருந்தது. வைப்பருக்குப் பனிக்கால ரப்பர் மாற்றியிருந்தது. டிக்கியில் மண்வெட்டி, கம்பளி, மணல் மூட்டை, இழுவைக் கயிறு. வருடா வருடம் தொகுஜி எப்படிச் செய்வாரோ, அச்சுப் பிசகாமல் அப்படியே.

ஓட்டுபவர் பக்கத்து முன்சக்கரம் மட்டும் இப்படி.

அவள் கணவர் தொகுஜி இதே மலைப்பாதையில் பனி வாரும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஹொக்கைடோவின் குளிர் ஒரு காரை என்னவெல்லாம் செய்யும் என்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சக்கரத்தை முறுக்கி முடித்ததும், இன்னொரு சுற்று வந்து ஒவ்வொரு நட்டையும் மறுபடி முறுக்கிப் பார்ப்பார். அவர் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்றால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

அப்படியென்றால்?

மிசாவோ கையுறைக்குள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

கொஞ்ச நாளாகவே அவர் சரியில்லை. தோஃபு வாங்கிவரக் கடைக்குப் போனவர் இருட்டிய பிறகு, கால்சராயெல்லாம் சேறாக வந்து நின்றார். எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் உனக்கெதுக்கு?" என்று எரிந்து விழுந்தார். எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்றுதான் அவள் நினைத்தாள். சாப்பிடும்போது சூப் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்ப்பார். மனதுக்குள் ஏதோ கணக்குப் போடுகிற பார்வை. அவள் நிமிர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இன்று காலை அவள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பியபோது, வாசல்வரை வந்தார். வழக்கமில்லாத வழக்கம்.

"வளைவுல பிரேக் போடாத" என்றார்.

அக்கறை என்று நினைத்திருந்தாள்.

ஒர்க்‌ஷாப்பைத் தாண்டினால் முதல் வளைவு. அங்கே தடுப்புச் சுவர் கிடையாது. கீழே ஆறு.

ஹதானகா புது நட்டுகளைப் போட்டு, உடம்பின் எடையையெல்லாம் கொடுத்து முறுக்கினார். "அண்ணனுக்கு ஒரு போன் போடட்டுமாக்கா?"

"வேணாம்!"

தன் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள்.

அக்கா வீட்டுக்கே போய்விடலாம். போலீஸுக்குப் போகலாம். ஆனால் ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே வந்ததும் கை தானாக வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பியது. அந்த முகத்தைப் பார்த்தாக வேண்டும். அவள் உயிரோடு வந்து நிற்கும்போது அது என்ன ஆகிறது என்று பார்த்தாக வேண்டும்.

பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தபோதுதான் ஆமை வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறோம் என்பதே உறைத்தது.

கார் கொட்டகையின் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே இரும்பு உருளும் சத்தம்.

மிசாவோ எஞ்சினை அணைக்கவில்லை. கதவையும் சாத்தவில்லை. வேண்டுமானால் ஓடிவந்து ஏறிக்கொள்ளலாம்.

கொட்டகை முழுக்கப் பொருட்கள் தாறுமாறாக இறைந்து கிடந்தன. கழற்றி அடுக்கிவைத்திருந்த கோடைக்கால டயர்கள் மூலைக்கொன்றாக உருண்டிருந்தன. நடுவில், கையில் சக்கரம் கழற்றும் இரும்புத் தடியோடு தொகுஜி நின்றிருந்தார்.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

முகத்தில் ரத்தமே இல்லை. அந்தக் குளிரிலும் நெற்றி வியர்த்திருந்தது. இத்தனை வருடத்தில் அவரை இப்படி ஒரு பயத்தோடு அவள் பார்த்ததே இல்லை.

ஆக, உண்மைதான்.

தடியை இறுகப் பிடித்தபடி அவர் அவளை நோக்கி வந்தார். ஓடு என்றது மனசு. அவள் அந்த முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்றார். பிறகு, இடுப்பை வளைத்து அவளுக்குப் பணிவாக ஒரு வணக்கம் வைத்தார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. இந்தப் பக்கம் எவனாச்சும் டயரத் தூக்கிட்டுப் போனதப் பாத்தீங்களா?" தடியால் கொட்டகைக்குள் காட்டினார். "பனி டயரு நாலையும் காணோம். எல்லா எடமும் தேடிட்டேன். என் வீட்டுக்காரி இன்னைக்கு மலை ஏறணும்ங்க. சாதா டயர்ல போனா அவ செத்துடுவா."