மானாம்பதியில் ஒரு மலை

மானாம்பதியின் பிற்பகல் வெயில் தகரக் கூரை வழியே இறங்கி, செவ்வந்தியின் மடிக்கணினியைச் சுடவைத்திருக்கிறது. நான்கு மாதமாக அவள் அதற்குள், எங்குமே இல்லாத ஊரொன்றை இசையால் கட்டிக்கொண்டிருக்கிறாள். அந்த ஊரில் ஏரிக்கரையை ஒட்டியே மிசோரத்து மலை எழும்புகிறது. அப்பா ஞானதாஸ் பேண்டு செட்டில் ஊதும் டிரம்பெட், அம்மா பிறந்த மலையின் மழைக்குள்ளிருந்து கேட்கிறது. டிரம்பெட் அழகாக வந்துவிட்டது. மழைதான் வரமாட்டேன் என்கிறது. அவள் அந்த மலையைப் பார்த்ததே இல்லை. முறத்தில் அரிசியைக் கொட்டிப் பதிவு செய்தாள், கூரைமேல் மணலைத் தூவினாள். அரிசி அரிசியாகவும் மணல் மணலாகவுமே ஒலிக்கின்றன. அழித்து அழித்துப் போட்டதில் விரல்கூட வலிக்கிறது.

சாப்பிடக் கூப்பிட வந்த அம்மா லால்முவானியின் காதில் ஹெட்போனை மாட்டிவிடுகிறாள். அம்மா கண்ணை மூடிக் கேட்கிறாள். "இன்னாடி இது, கடல வறுக்கற மாரி கீது?"

"உங்க ஊரு மழம்மா."

"எங்க ஊர்ல மழ இப்டியா பேயும்?"

"அப்ப எப்டித்தான் பேயும்? ஒரே ஒரு வாட்டி வாயால செஞ்சு காட்டேன்!" செவ்வந்தி கத்தியே விடுகிறாள். மைக்கை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள்.

முப்பது வருஷத்துக்கு முன் நர்சாக இங்கே வந்தவள் உதட்டைக் குவிக்கிறாள். நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுத் தொட்டு நிற்கிறது. எங்கோ பம்புசெட் ஓடுகிறது. திரையில் பதிவாகும் ஒலியின் பச்சைக் கோடு லேசாக நடுங்கியபடி நீண்டுகொண்டே போகிறது.

"மறந்துபூட்டேன்டி" என்கிறாள் அம்மா.

பதிவை நிறுத்தச் செவ்வந்திக்குக் கை வரவில்லை.