சத்தம் போடாத பிள்ளை

கோமளவல்லி வீட்டிலிருந்தபடியே ஒரு மருத்துவமனையின் கணினிகளுக்குக் காவல் இருப்பவள். அவள் கையில் நிறுவனம் மாட்டிவிட்ட பட்டை எப்போதும் பச்சையாக இருக்க வேண்டும். மனம் பதறினால் அது சிவந்துவிடும். பதறுகிறவர்களை நம்பிக் காவலை ஒப்படைக்க முடியாது என்பது நிறுவனத்தின் கணக்கு. ஏற்கெனவே இரண்டு முறை சிவந்தாயிற்று. இன்னொரு முறை சிவந்தால் வேலை போய்விடும்.

அன்று மதியம் தற்செயலாகத் திரும்பினாள். நாற்காலிக்குப் பின்னால் ஆறு வயது மகள் யாழினி உதட்டைக் கடித்தபடி நின்றிருந்தாள். கதவிடுக்கில் நசுங்கிய விரலிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரமாடி நிக்கிற? கூப்பிட்டிருக்கலாம்ல?"

"நீ வேலை முடிச்சதும் சொல்லலாம்னு இருந்தேம்மா."

கோமளவல்லி மகளை வாரி அணைத்துக்கொண்டாள். பட்டை சிவந்தது. திரை இருண்டு, அதில் எழுத்துகள் வந்தன: 'உங்கள் மனநலமே எங்கள் பலம். இனி நிம்மதியாக ஓய்வெடுங்கள்.'

யாழினி சிவப்பைப் பார்த்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வெடித்தது.

"நான் சத்தமே போடலையேம்மா!"